ஊதாக் கண்ணாடியோடு ஆயுத பூஜைக்கு வர வேண்டாமே



கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சிக்கிட்டே படிங்க, ஆனா கடைசி வரைக்கும் படிங்க. இது நன்கொடை கேக்குற பதிவு இல்ல. உங்க காடி கண்ணாடியைப் பத்தின பதிவு.

"கோயில் தொண்டருங்களுக்குக் காடி கண்ணாடியில என்ன வேலை?"ன்னு நீங்க கேக்கலாம். போன வாரம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சி பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தோம். மணி எட்டரை இருக்கும். நம்ம லெம்பா பெர்த்தாமில் அந்த நேரத்துக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தூறல், மேல இருந்து இறங்குற பனி, கோயில் வாசல்ல ஒரே ஒரு விளக்கு. வயசானவங்களை ரிங்லெட் பக்கம் கொண்டுபோய் விடுறதுக்காக நம்ம கோயில் வேனைப் பின்னாடி எடுத்தாங்க. படிக்கட்டில இருந்து ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை, கையில் பொங்கல் தொன்னையோட, நேரா வேனுக்குப் பின்னால ஓடி வந்துச்சு. பூ கட்டுற அக்கா போட்ட சத்தத்துலதான் வேன் நின்னுச்சு. பிள்ளைக்கும் வேனுக்கும் நடுவுல ரெண்டு முழம்கூட இல்ல.

அம்மன் காப்பாத்துனாங்க. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வேன் ஓட்டின அண்ணன் இறங்கி வந்து, கை நடுங்க, ஒரு வார்த்தை சொன்னாரு: "எனக்குப் பின்னால ஒண்ணுமே தெரியலப்பா. ஊதாவா ஒரு வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சிச்சு."

அப்பத்தான் நாங்க எல்லாரும் அந்தப் பின் கண்ணாடியை நின்னு பாத்தோம். பல வருசத்துக்கு முன்னால யாரோ உபயமா ஒட்டிக் கொடுத்த டிண்டட். ஒட்டினப்போ கறுப்பு. இப்போ கத்தரிப்பூ ஊதா. உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்கு. ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கு. அது மேல ஒரு சாமி ஸ்டிக்கர், அதுக்குப் பக்கத்துல போன திருவிழாவோட ஸ்டிக்கர், அதுக்கும் முந்தின திருவிழாவோட ஸ்டிக்கர். ஒவ்வொரு வாரமும் வேனைக் கழுவுறது நாங்கதான். பொட்டு வைக்கிறது நாங்கதான். எலுமிச்சம்பழம் வைக்கிறதும் நாங்கதான். அந்தக் கண்ணாடி வழியா வெளியே தெரியுதான்னு மட்டும் ஒருத்தரும் பார்க்கல. அதனால யாரையும் குறை சொல்லி இந்தப் பதிவை எழுதல. முதல் தப்பு எங்க மேல.

அன்னைக்கு ராத்திரியே சிலர் சொன்னாங்க, "சின்னப் பிள்ளை வேனை ஒட்டி நின்னா, நல்ல கண்ணாடியா இருந்தாலும் தெரியாதுதானே." உண்மைதான். கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது எந்தக் கண்ணாடியிலயும் தெரியாது. அதுக்காகத்தான் இனிமே கோயில் வாசல்ல எந்த வண்டி பின்னால எடுத்தாலும் ஒரு தொண்டர் இறங்கி நின்னு கை காட்டணும்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா அந்தப் பிள்ளை வேனை ஒட்டி நிக்கல. பத்துப் பதினஞ்சு அடி தூரத்துல இருந்து ஓடி வந்துச்சு. கண்ணாடி சுத்தமா இருந்திருந்தா ஓடி வர்றதைப் பார்த்திருக்கலாம். இதை நாங்க எங்க மனசாட்சிக்கு முன்னால ஒத்துக்கிட்டே ஆகணும்.

மறுநாள் கோயில் வாசல்ல நின்ன காடிகளை ஒரு சுத்து சுத்திப் பார்த்தோம். பழைய சாகா, வீரா, கஞ்சில், காய்கறி ஏத்துற வேன், தோட்டத்து ஹைலக்ஸ். ஊதாவாப் போனதும் கொப்புளம் போட்டதும் நிறையவே இருந்துச்சு. நாம பணக்காரங்க இல்ல. புதுக் காடி வாங்குறவங்க குறைச்சல். பத்து, இருபது வருசக் காடியை வச்சிப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தானா ராத்தா சந்தைக்குப் போயி, தாப்பா வரைக்கும் இறங்கி ஏறுறோம். அதனால இந்தப் பிரச்சனை நம்ம ஊருக்கே உரிய பிரச்சனைன்னு சொல்லலாம்.

டிண்டட் ஏன் ஊதாவாப் போகுதுன்னு சில தம்பிங்க கேட்டாங்க. விலை குறைஞ்ச பிலிம்ல கறுப்புன்னு தனிச் சாயம் இல்ல. நாலஞ்சு சாயத்தைக் கலந்து கறுப்பு மாதிரி காட்டுறாங்க. வெயில் பட்டுப் பட்டு சில சாயம் முதல்ல வெளுத்துரும். வெளுக்காம மிஞ்சுற சாயம்தான் ஊதாவாத் தெரியுது. கொப்புளம் வர்றது, பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற பசை செத்துப்போனதால. பகல்ல அது வெறும் அசிங்கம். ராத்திரியில அது ஆபத்து. பின்னால வர்ற காடியோட விளக்கு அந்தக் கொப்புளத்துல பட்டுச் சிதறி, கண்ணாடி முழுக்க ஒரே வெளிச்சமாப் பரவிரும். அந்த வெளிச்சத்துக்கு நடுவுல ஆள் நடந்து போனாத் தெரியாது. மோட்டார் சைக்கிள் வந்தாத் தெரியாது. மழையும் பனியும் சேர்ந்துச்சுன்னா சொல்லவே வேணாம். அதோட வயசாக ஆக நம்ம கண்ணுக்குள்ள போற வெளிச்சமே குறைஞ்சுக்கிட்டு வரும். நம்ம ஊர்ல பழைய காடி ஓட்டுறவங்க பலரும் அம்பது அறுபது வயசுக்காரங்க. பழைய கண்ணு, பழைய கண்ணாடி, பழைய ரோடு. மூணும் ஒண்ணாச் சேரக்கூடாது.

இன்னொண்ணும் சொல்றோம், தப்பா எடுத்துக்காதீங்க. 2013 அக்டோபர் 23. இந்தத் தேதியை லெம்பா பெர்த்தாம்ல யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. நடுராத்திரி, கொட்டுற மழை, ரிங்லெட் அணை திறந்துவிட்டு ஆத்துல சேறும் தண்ணியுமா வந்த ராத்திரி. உயிர் போச்சு, வீடு போச்சு, காடிங்க சேத்துல பொம்மை மாதிரி புரண்டு கிடந்துச்சு. நாம வாழ்ற இடம் அப்படி. எந்த ராத்திரியும் பிள்ளைகுட்டிகளை ஏத்திக்கிட்டு, இருட்டுல, மழையில, வண்டியைப் பின்னால எடுத்துத் திருப்ப வேண்டி வரலாம். அந்த நேரத்துல கண்ணாடியில தெரியணும். இது அழகுக்காகச் சொல்ற விஷயம் இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சிக்கலாம். 2019 மே 8-லிருந்து நடப்புல இருக்கிற விதிப்படி, முன் கண்ணாடி குறைஞ்சது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ள விடணும். முன் கதவுக் கண்ணாடிங்க ரெண்டும் 50 விழுக்காடு. பின் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் அளவே கிடையாது, எவ்வளவு கறுப்பா இருந்தாலும் சரி. இதை வச்சிக்கிட்டுதான் பலர், "பின்னாலதானே, சட்டமே விட்டுருச்சே"ன்னு சொல்றாங்க. எங்க கருத்து இதுதான்: சட்டம் விட்டுக் கொடுத்தது நல்ல நிலைமையில இருக்கிற பிலிமை நினைச்சு. கொப்புளம் போட்டுக் கிழிஞ்சு தொங்குறதுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஜே.பி.ஜே. பிடிக்காதுங்கிறது ஒரு விஷயம். பிள்ளைக்கு ஆபத்து இல்லைங்கிறது வேற விஷயம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. கடையில 50 விழுக்காடு பிலிம்னு வாங்கி முன் கதவுல ஒட்டுறோம். ஆனா கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுறதில்ல. அது 75 விழுக்காடு விடுதுன்னு வச்சிக்குவோம். அதுல பாதின்னா 38-கிட்டதான் உள்ள வரும். அளவு பார்க்கிற மீட்டர் ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். அதனால "50தான் ஒட்டியிருக்கேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தியாவுல நடந்ததையும் கேளுங்க. அங்க 2012 ஏப்ரல் 27-ல உச்ச நீதிமன்றம் காடிக் கண்ணாடியில கறுப்பு பிலிம் ஒட்டவே கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அடுத்த சில வாரத்துல சென்னை உட்பட பல ஊர்ல போலீஸ்காரங்க நடுரோட்டுல காடியை நிறுத்தி, அங்கேயே பிலிமைக் கிழிச்சாங்க. அபராதமும் போட்டாங்க. நம்ம நாட்டுல அந்த அளவுக்கு இல்ல. அதனாலதான் சொல்றோம், யாரும் நம்மை நிறுத்திக் கிழிக்கிறதுக்கு முன்னால, நம்ம வாசல்ல, நம்ம கையால, பொறுமையா எடுத்துரலாமே.

சரி, வேனுக்கு என்ன செஞ்சோம்? ஒரு கடையில விசாரிச்சோம். பழசை எடுத்துப் புதுசு ஒட்ட ஒரு விலை. எடுக்கிறதுக்கு மட்டும் தனி விலை, அதுவும் குறைச்சலா இல்ல. நிர்வாகக் கூட்டத்துல இதைப் பேசினப்போ கொஞ்சம் சத்தம்கூட வந்துச்சு. "அன்னதானக் காசைக் கண்ணாடிக்குக் கொடுக்கிறதா?"ன்னு ஒரு ஐயா கேட்டாரு. நியாயமான கேள்வி. வேனை ரொம்ப வருசமா ஓட்டுற அண்ணன், "அப்ப நான் கவனம் இல்லாம ஓட்டுறேன்னு சொல்றீங்களா?"ன்னு வருத்தப்பட்டாரு. அதுவும் நியாயம்தான். கடைசியில மகளிர் பிரிவு அக்கா ஒருத்தங்க, "கழுவித் துடைக்கிற வேலைதானே. சட்டி சுரண்டுற நாங்க கண்ணாடி சுரண்ட மாட்டோமா?"ன்னு கேட்டாங்க. கூட்டம் அத்தோட முடிஞ்சிச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு பேர் உக்காந்தோம். மதியச் சாப்பாட்டுக்குள்ள வேலை முடிஞ்சிச்சு. செலவு இருபது வெள்ளிக்குள்ள.

நாங்க கத்துக்கிட்டதை அப்படியே சொல்றோம். இதுல நாங்க பண்ணின தப்பும் இருக்கு.

1. சூடுதான் முக்கியம். காஞ்ச பிலிமை அப்படியே பிச்சா, நகம் அளவு துண்டு துண்டாத்தான் வரும், பசை எல்லாம் கண்ணாடியிலயே தங்கிரும். முடி காய வைக்கிற டிரையர் போதும். துணிக்குப் பிடிக்கிற ஸ்டீமர் இருந்தா அதைவிட நல்லது. ஒரு மூலையை ஒரு நிமிஷம் சூடு காட்டி, பிளேடு நுனியால மெதுவாத் தூக்குங்க. தூக்கின இடத்தைப் பிடிச்சிக்கிட்டு, இழுக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலயே சூடு காட்டிக்கிட்டே, மெதுவா இழுங்க. வாழைத்தண்டு நார் உரிக்கிற மாதிரி. அவசரப்பட்டா அறுந்துரும்.

2. கொதிக்கிற தண்ணியைக் கண்ணாடி மேல ஊத்தாதீங்க. நம்ம ஊர்ல காலையில கண்ணாடி ஐஸ் மாதிரி இருக்கும். அதுல கெட்டில் தண்ணியை ஊத்தினா கண்ணாடி விரிசல் விட வாய்ப்பு இருக்கு. முன் கண்ணாடியில ஏற்கனவே கல் பட்ட புள்ளி இருந்தா இன்னும் மோசம். டிரையரையும் ஒரே இடத்துல பிடிச்சிக்கிட்டே இருக்கக் கூடாது, ஆட்டிக்கிட்டே இருக்கணும். எக்ஸ்டென்ஷன் வயரை ஈரத் தரையில போடாதீங்க. தூறல் விழுந்தா வேலையை நிறுத்திருங்க.

3. கதவுக் கண்ணாடியை முதல்ல ரெண்டு விரல் அளவு இறக்குங்க. அப்பத்தான் மேல் ஓரம் கைக்குக் கிடைக்கும். மேல இருந்து பாதி உரிச்சப்புறம் கண்ணாடியை முழுசா ஏத்தி, மீதியைக் கீழ வரைக்கும் உரிக்கலாம். கதவுக்குள்ள பவர் விண்டோ சுவிட்ச் இருக்கும். அது மேல ஒரு தடிச்ச துண்டைப் போட்டு மூடிட்டுத் தண்ணியைத் தெளிங்க.

4. பிலிம் போனப்புறம் மிஞ்சுற பசைதான் பெரிய வேலை. பாத்திரம் கழுவுற சோப்பை வெந்நீர்ல கலந்து நல்லாத் தெளிச்சு, பத்து நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் சுரண்டுங்க. கதவுக் கண்ணாடியில புது பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஒரே திசையில, ஈரத்தோட தள்ளலாம். காஞ்ச கண்ணாடியில பிளேடு வச்சா கீறல் விழும். கடைசியா மிஞ்சுற பிசுபிசுப்புக்கு ஃபார்மசியில விக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டுத் துடைச்சா போயிரும். கதவைத் திறந்து வச்சிக்கிட்டுத் துடைங்க, பக்கத்துல சிகரெட்டோ சூடமோ வேண்டாம்.

5. இதைக் கவனமாப் படிங்க. பின் கண்ணாடியில குறுக்கே மெல்லிசா கோடு கோடா இருக்கும், பாத்திருப்பீங்க. அது அழகுக்குப் போட்டது இல்ல. சுவிட்ச் போட்டா அந்தக் கோட்டுல கரண்ட் ஓடிச் சூடாகி, கண்ணாடியில படியிற பனியைப் போக்கும். கே.எல்.லில இருக்கிறவங்களுக்கு அது இருந்தா என்ன, போனா என்ன. நமக்கு அது உசுரு. அந்தக் கோடு கண்ணாடியோட உள்பக்கத்துலதான் இருக்கு, பிலிமும் அது மேலதான் ஒட்டியிருக்கு. அங்க பிளேடே கூடாது. சூடு, சோப்புத் தண்ணி, பொறுமை, அவ்வளவுதான். பசையைச் சுரண்டணும்னா, காலாவதியான பழைய டச் அண்ட் கோ கார்டை எடுத்து, கோடு போற திசையிலேயே தள்ளுங்க. குறுக்கே தள்ளாதீங்க.

எங்கள்ல ஒரு தம்பி, சாகாவோட பின் கண்ணாடியில "கொஞ்சம்தானே அண்ணே"ன்னு பிளேடைப் போட்டான். மேல இருந்து மூணாவது கோடு அறுந்துருச்சு. இப்போ பனி நேரத்துல சுவிட்ச் போட்டா மத்த இடமெல்லாம் தெளிஞ்சிரும், அந்த ஒரு பட்டை மட்டும் வெள்ளையா நிக்கும். அறுந்த கோட்டைச் சேர்க்க கரண்ட் கடத்துற பெயிண்ட் ஒண்ணு கடையில இருக்கு, வாங்கிப் பூசப் போறோம். அந்தத் தம்பி இந்தப் பதிவுல தன் கதையை எழுதச் சொல்லி அவனே கேட்டான். பேரை மட்டும் போட வேணாம்னான்.

6. வீடியோவுல அமோனியாவைத் தெளிச்சு, கறுப்பு பிளாஸ்டிக் பையை ஒட்டி, வெயில்ல விடுற முறையைக் காட்டுவாங்க. அது வேலை செய்யும், ஆனா நல்ல வெயில் வேணும். நம்ம ஊர்ல பதினோரு மணிக்கே மேகம் இறங்கிரும். அதைவிட முக்கியம், மூடின காடிக்குள்ள அமோனியா வாடை கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்க, பிள்ளைத்தாச்சிங்க பக்கத்துலயே வரக் கூடாது. எந்தக் காரணத்துக்கும் அமோனியாவோட குளோரோக்ஸைக் கலந்துராதீங்க, விஷப் புகை வரும். எங்க யோசனை: அமோனியாவே வேணாம். சூடும் சோப்பும் போதும்.

7. நம்ம ஊருக்காக ஒரு வார்த்தை. தண்ணி தெளிக்க, தோட்டத்துல மருந்தடிச்ச போத்தலையோ பம்ப்பையோ எடுக்காதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் அடியில மருந்து தங்கும். பிள்ளைங்க கை வைக்கிற கண்ணாடி அது. ரெண்டு வெள்ளி போத்தல் புதுசா வாங்கிக்கிட்டாப் போதும்.

8. உரிச்ச பிலிமை எரிக்காதீங்க, ஆத்துல வீசாதீங்க. அது பிளாஸ்டிக். பெர்த்தாம் ஆறும் ரிங்லெட் அணையும் ஏற்கனவே நம்ம குப்பையையும் சேத்தையும் சுமந்து தவிக்குது. அதுக்கு என்ன விலை கொடுத்தோம்னு மேலயே சொல்லிட்டோம். சுருட்டிக் கட்டிக் குப்பைத் தொட்டியில போடுங்க.

இப்போ கொஞ்சம் மனசுக்கு நெருக்கமான விஷயம். சாமி ஸ்டிக்கர்.

பலர் காடியில பழைய டிண்டட் மேலதான் அம்மன் படம், முருகன் வேல், ஓம் எல்லாம் ஒட்டியிருக்கு. "அதைப் பிய்க்கிறது பாவம் இல்லையா?"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. பாட்டியோட பயம் பக்தியில வந்த பயம், அதை நாங்க சிரிச்சு ஒதுக்க மாட்டோம். ஆனா நாங்க நினைக்கிறது இது. மழையில நனைஞ்சு, வெயில்ல வெளுத்து, முகம் பாதி உரிஞ்சு, மண் தெறிச்சு நிக்கிற படத்தை அப்படியே விடுறதுதான் மரியாதைக் குறைச்சல். கோயில்ல சிலை பழுதானா பாலாலயம் பண்ணி, முறையாச் சரி பண்றோம் இல்லையா? அதே மனசோட ஸ்டிக்கரையும் எடுக்கலாம். முதல்ல சாமி படத்துக்கு மட்டும் சூடு காட்டி, தனியா, கிழியாம எடுங்க. கீழ போடாதீங்க, மிதிபட விடாதீங்க. ஒரு தட்டுல வச்சுக் கோயிலுக்குக் கொண்டு வாங்க. குருக்கள்கிட்ட கேட்டு, அதை என்ன செய்யணுமோ நாங்க செஞ்சிக்கிறோம்.

அதுக்கப்புறம் திரும்பப் பின் கண்ணாடியில ஒட்ட வேணாம்னு கை கூப்பிக் கேட்டுக்கிறோம். சாமி படம் காடி முன்னால டேஷ்போர்டுல சின்னதா இருக்கட்டும். நீங்க பார்த்துக் கும்பிடலாம். கண்ணாடியில ஒட்டினா அது பின்னால வர்றவங்களுக்குத்தான் தெரியுது, உங்க பார்வையை மறைக்குது. அம்மன் நமக்கு வழி காட்டுறவங்க. அவங்க படத்தையே வழியை மறைக்க வைக்கலாமா? நம்ம கோயில் திருவிழா ஸ்டிக்கருக்கும் இதே பேச்சுதான். இந்த வருசத்துல இருந்து அதைச் சின்னதா அடிச்சு, பம்பர்ல ஒட்டுற மாதிரி கொடுக்கணும்னு நிர்வாகத்துக்கிட்ட சொல்லியிருக்கோம்.

மறுபக்கத்தையும் பேசணும். டிண்டட்டே கூடாதுன்னு நாங்க சொல்லல. பொம்பளப் பிள்ளைங்க தனியா ஓட்டிக்கிட்டுப் போறப்போ உள்ள யாரு இருக்கான்னு தெரியக் கூடாதுன்னு நினைக்கிறாங்க. அது நியாயம். பின் சீட்டுல பை வச்சா கண்ணாடியை உடைக்கிறானுங்க. அதுவும் உண்மை. ஈப்போ, கே.எல்.னு இறங்கிப் போறவங்களுக்கு வெயில் சுடும். அதெல்லாம் இருக்கட்டும். புதுசு ஒட்டணும்னா ஒட்டுங்க, நல்ல பிலிமா, அளவுக்குள்ள, கொப்புளம் இல்லாம. தோலுக்குக் கெடுதல் பண்ற வெயில் கதிரைத் தடுக்க கறுப்பா இருக்கணும்னு அவசியம் இல்ல, தெளிவாத் தெரியிற பிலிமும் அந்த வேலையைச் செய்யும். குழந்தைக்கு வெயில் படாம இருக்க, கழட்டி மாட்டுற வலைத்திரை கிடைக்குது. ஆனா கையில காசு இல்லாததால புதுசு ஒட்ட முடியல, அதனால பழசே இருக்கட்டும்னு மட்டும் இருக்காதீங்க. வெறும் கண்ணாடி, செத்த டிண்டட்டை விட ஆயிரம் மடங்கு மேல். நம்ம குளிருக்கு டிண்டட் இல்லாம யாரும் வாடிப் போறதில்ல.

"எனக்குப் பழகிருச்சு, இந்த ரோட்டுல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்"னு சொல்றவங்களும் இருக்காங்க. நம்ம வேன் அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஞாயித்துக்கிழமை மதியம் வேனுக்குள்ள ஏறி உக்காந்தாரு. நடுக் கண்ணாடியைச் சரி பண்ணி, பின்னால பார்த்தாரு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கோயில் கோபுரம் தெரியுதுப்பா. இத்தனை வருசம் இதுல கோபுரத்தையே பாத்ததில்ல"ன்னாரு. எங்களுக்கு அது போதும்.

ஆயுத பூஜை வருது. வழக்கம் போல எல்லாரும் காடி, லோரி, மோட்டார், மருந்தடிக்கிற மிஷின் வரைக்கும் கழுவிக் கொண்டு வருவீங்க. சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். அதுக்கப்புறம்தான் நம்ம ஊருக்குப் பெரிய மழைக் காலம். அக்டோபர், நவம்பர். பனியும் தண்ணியும் சேர்ந்து வர்ற மாசம். ஆயுத பூஜைங்கிறது நமக்குச் சோறு போடுற கருவியை மதிக்கிற நாள். மதிக்கிறதுன்னா மாலை போடுறது மட்டும் இல்ல, அதைப் பழுது பார்த்து வச்சிக்கிறதும்தான். அரிவாளைத் தீட்டாம மாலை போடுவோமா? கண்ணாடியும் அப்படித்தான்.

அதனால பூஜைக்கு முந்தின ரெண்டு ஞாயித்துக்கிழமையும் காலை 8 மணியில இருந்து கோயில் வாசல்ல கோத்தோங் ரோயோங் வச்சிருக்கோம். டிரையர் மூணு, ஸ்டீமர் ஒண்ணு, சோப்பு, துணி எல்லாம் எங்ககிட்ட இருக்கு. நீங்க காடியைக் கொண்டு வந்தாப் போதும். ஒரு கதவுக் கண்ணாடிக்கு அரை மணி நேரம் ஆகும், பின் கண்ணாடிக்கு ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும். அதனால ஒரு நாளைக்கு ஏழெட்டு காடிதான் முடியும். வயசானவங்க, தனியாப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்துற வேன்காரங்க, இவங்களுக்குத்தான் முதல் இடம். காசு கிடையாது. உண்டியல்ல போடணும்னு தோணினா அது உங்களுக்கும் அம்மனுக்கும் நடுவுல. நம்ம கோயிலுக்கு வராதவங்களா இருந்தாலும், எந்த இனத்தவரா இருந்தாலும், பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. ரோடு எல்லாருக்கும் பொது.

வீட்டிலேயே செய்யிறவங்க மேல சொன்னதைப் பார்த்துச் செய்யுங்க. சந்தேகம் இருந்தா சாயங்காலப் பூஜைக்கு வர்றப்போ கேளுங்க. பின் கண்ணாடிக் கோட்டை மட்டும் மறந்துராதீங்க.

அந்தப் பொங்கல் தொன்னைப் பிள்ளை நேத்தும் கோயிலுக்கு வந்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது, படிக்கட்டுல ஓடிக்கிட்டுதான் இருக்கு. பிள்ளைங்க ஓடத்தான் செய்யும். பார்த்து ஓட்ட வேண்டியது நாமதான்.

தப்பா ஏதாவது எழுதியிருந்தா மன்னிச்சிருங்க. படிச்சவங்க நாலு பேருக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை பார்ப்போம்.

ஓம் சக்தி பராசக்தி 🙏

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்,
லெம்பா பெர்த்தாம்